இடைப்படி வகுத்த டாக்டர் ஹார்ப்பர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, பெருஞ் சர்வகலாசாலைகளில் நான்காண்டு தங்கிக் கற்பதற்குப் பொருள்வசதியில்லாத மாணாக்கர் பலர், தம் ஊருக்கு அண்மையிலுள்ள சமூகக் கலாசாலையொன்றில் முதல் ஈராண்டுப் பாடங்களை முடித்துக்கொண்டு, பின்னர் மூன்றாமாண்டு மாணாக்கராகச் சர்வகலாசாலை புகுகின்றனர். இத்தகைய ஈராண்டுக் கலாசாலைகள் அந்நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் உள்ளன. இவ்வழக்கம் இன்று அந்நாட்டார்க்கு மிக இயல்பானதாகத் தோன்றுகின்றது. ஆயினும், நான்காண்டுக் கல்வியை நடுவே பிளந்து, முற்பாதிக்குத் தனியே ஒரு பெயரும் பட்டமும் மதிப்பும் உண்டு என்னும் எண்ணம் தானாகத் தோன்றியதன்று. மிச்சிகன் சர்வகலாசாலைத் தலைவராயிருந்த டாப்பன் என்பாரும், மின்னெசோட்டாச் சர்வகலாசாலைத் தலைவராயிருந்த பால்வெல் என்பாரும் அதனை முன்னரே கருதினர். அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தவருள் முதன்மையானவர், சிக்காகோ சர்வகலாசாலையின் முதற்றலைவராகிய டாக்டர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் ஆவர். அவர் எபிரேய மொழிப் பேரறிஞர் என்பதையும், ராக்பெல்லரின் பெருஞ்செல்வத்தைக் கல்விக்குத் திருப்பியவர் என்பதையும் பலர் அறிவர். அவர் கட்டிய இடைப்படியைப் பற்றி அறிந்தார் சிலரே. ஆதலின் அவர் வரலாற்றை அப்பகுதி விளங்குமாறு ஈண்டு எழுதத் துணிந்தோம்.

ஹார்ப்பர் 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஒஹையோ மாகாணத்து நியூ கான்கார்டு என்னும் சிற்றூரில், மரக்கட்டைகளால் அமைந்த ஒரு வீட்டிற் பிறந்தார். தந்தையார் சாமுவேல் ஹார்ப்பர் அவ்வூரிற் கடை வைத்திருந்தவர். ஊர் சிறிதாயினும் மஸ்கிங்கம் கலாசாலை என்றொரு கலாசாலையைத் தன்னகத்தே கொண்டிருந்தது. ஹார்ப்பரின் உயர்வுக்கு இதுவே முதற்காரணம் என்று நாம் கருதுகின்றோம். பத்து வயதுச் சிறுவனை எப்பெற்றோர் வெளியூர்க் கலாசாலைக்கு அனுப்புவர்? வீட்டிலிருந்து நடந்து செல்லுந் தொலைவிற் கலாசாலை இருந்தமையாலன்றோ அச்சிறுவன் பத்தாம் வயதில் அதிற் சேர்ந்து, 1870-இல், பதினான்காம் வயது நிரம்புந் தறுவாயிற் பி.ஏ. பட்டம் பெற முடிந்தது! பட்டமளிப்பு நாளன்று அவர் எபிரேய மொழியிலேயே ஒரு சொற்பொழிவாற்றினாராம். இவ்வளவு கற்ற பிள்ளை விளையாட்டறியாதவராயிருப்பார் என்று எண்ணவேண்டா. கார்னெட் என்னும் ஊதுகருவியை நன்றாக வாசிப்பார். ஊர் இசைக்குழுவில் அவருக்கு இடமுண்டு.

பட்டம் கையிலிருந்தும் வயது கைகொடுக்கவில்லை. மேற்படிப்புக்குத் தொலைவிலுள்ள பெரிய கலாசாலைக்கு அனுப்பப் பெற்றோர் துணிந்திலர். ஆகவே அவர் மூன்றாண்டு வீட்டிலேயே தங்கித் தந்தையார் கடையில் வேலை பார்த்தும் மொழிகளைப் பயின்றும் காலங்கழித்தார். 1873-இல் கனெக்டிகட் மாகாணத்திலுள்ள யேல் கலாசாலைக்குச் சென்று, ஸம்ஸ்கிருதப் பேரறிஞர் விட்னி என்பவரிடம் மாணாக்கராயினார். லத்தீன், கிரேக்கு, ஸம்ஸ்கிருதம், காதிக்கு ஆகிய நான்கு மொழிகளின் உருபிடைச் சொற்களை ஒப்பிட்டு ஆராய்ந்து ஒரு நூல் எழுதி, 1875-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது நிரம்பவில்லை. சிற்றூர்க் கலாசாலையொன்றின் பட்டத்தை ஏற்றுக்கொண்டு யேல் கதவு திறந்தமையால் இது கைகூடிற்று. அக்கதவு அடைபட்டு, முதலிலிருந்து தொடங்குக எனப் பணித்திருப்பின், கடைக்காரர் மகன் மீண்டும் கடைக்கே திரும்பியிருத்தல் கூடும்.

அவ்வாண்டிலேயே மஸ்கிங்கம் கலாசாலைத் தலைவரின் புதல்வியாராகிய எல்லா பால் என்னும் அம்மையாரை மணந்து, டென்னெஸி மாகாணத்து மேக்கன் என்னுமூரிலும், பின்னர் ஒஹையோவில் டெனிசன் சர்வகலாசாலையின் ஆயத்த வகுப்புகளிலும் உபாத்தியாயராயிருந்தார். 1879-இல் சிக்காகோவுக்கு அருகிலுள்ள மார்கன் பார்க் என்னுமிடத்துப் பாப்டிஸ்டு வேதசாஸ்திரக் கலாசாலை அவரை எபிரேய ஆசிரியராக அழைத்துக்கொண்டது. எபிரேயம் கற்பது கசப்பென்று அக்காலத்து மாணாக்கர் அஞ்சுவர். இலக்கண விதிகளை முதலில் உருப்போடச் செய்யாமல், மூலநூலின் முதல் வாக்கியத்தையே எடுத்து அதிலிருந்து விதிகளை மாணாக்கர் தாமே கண்டுகொள்ளும்படி கற்பித்தல் ஹார்ப்பரின் முறை. அதனைக் கற்க விரும்பியோர் பெருகினர். அவருட் பலர் தொலைவூர்களிற் சபைகளை நடத்தும் குருமார். ஊரைவிட்டு வர இயலாதவர். அவர்களுக்காகக் கோடை விடுமுறைப் பள்ளிகளை ஏற்படுத்தினார். தபால் மூலமாகவும் பாடங்களை அனுப்பித் திருத்தினார். நியூயார்க்கு மாகாணத்துப் பெரிய கோடைக் கல்விக்கூடமாகிய ஷட்டாக்குவாவிலும் பல ஆண்டு பொறுப்பேற்று நடத்தினார். 1886-இல் யேல் அவரைத் தன் ஆசிரியராகவே அழைத்தது. பெருங்கலாசாலைப் பேராசிரியர் ஒருவர், கலாசாலை வாயிலைக் காணாத மாணாக்கரையும் தம் மாணாக்கரென எண்ணி உழைத்தது அக்காலத்தில் அரிதேயாம்.

இனிச் சிக்காகோ சர்வகலாசாலையைப் பற்றிக் கூறுவோம். அந்நகரில் முன்பு அப்பெயரோடு விளங்கிய கலாசாலையொன்று கடனால் 1886-இல் மூடப்பட்டது. 1889-இல் எண்ணெய்ச் செல்வராகிய ராக்பெல்லர், பிறர் நான்கு லக்ஷம் டாலர் சேர்த்தால் தாம் ஆறு லக்ஷம் தருவதாக வாக்களித்தார். அத்தொகை சேர்ந்தது. அது நல்லதொரு கலாசாலைக்குப் போதும். ஹார்ப்பருக்கோ அது போதவில்லை. முதுநிலை ஆராய்ச்சியுடன் கூடிய முழுச் சர்வகலாசாலையே வேண்டுமென அவர் நின்றார். 1890-இல் ராக்பெல்லர் மேலும் பத்து லக்ஷம் டாலர் அளித்தார். மறுவருஷம் ஹார்ப்பர் தலைமையை ஒப்புக்கொண்டார். 1892 அக்டோபர் முதல் தேதி, விழாவென ஒன்றுமின்றி, காலை மணியடித்தவுடன் வகுப்புகள் தொடங்கின. கட்டடவேலை முடிந்தபாடில்லை. ஆயினும் நெடுநாள் நடந்துவரும் கலாசாலைபோல் அது முதனாளே நடக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். மாணாக்கர் ஏறக்குறைய அறுநூற்றுவர். ஆசிரியருள்ளோ பிற கலாசாலைகளின் தலைமையைத் துறந்து வந்தோர் பலர்.

அச்சர்வகலாசாலையின் அமைப்பை ஹார்ப்பர் முன்னரே எழுதி வெளியிட்டிருந்தார். ஆண்டை நான்கு காலாண்டுகளாகப் பிரித்தார், கோடையிலும் வகுப்புண்டு. மாணாக்கன் எக்காலாண்டிலும் சேரலாம், எக்காலாண்டிலும் முடிக்கலாம். பொருள் தீர்ந்தால் ஒரு காலாண்டு வேலைக்குச் சென்று மீளலாம். நமது பொருளுக்கு இன்றியமையாதது மற்றொரு பிரிவு. பி.ஏ. நான்காண்டை அவர் இரண்டாகப் பகுத்தார். முதல் ஈராண்டு, உயர்தரப் பாடசாலைக் கல்வியின் தொடர்ச்சியே. பல பாடங்களைப் பொதுவாகக் கற்பது. பின் ஈராண்டே சர்வகலாசாலைக்குரியது. ஒன்றைத் தேர்ந்து ஆழக் கற்பது. முதலில் வேறு பெயர்களால் வழங்கிய இப்பிரிவுகள் 1896 முதல் ஜூனியர் காலேஜ், ஸீனியர் காலேஜ் எனப் பெயர் பெற்றன. 1900 முதல் ஜூனியர் காலேஜை முடித்தவருக்கு அஸோஸியேட் என்னும் பட்டமும் கொடுக்கப்பட்டது. இன்று சமூகக் கலாசாலைகளில் ஈராண்டு கற்றோர் பெறும் பட்டத்திற்கு அப்பெயரே வழங்குகின்றது.

இப்பட்டத்தின் நோக்கம் யாது? இவ்விடத்தில் ஹார்ப்பரைப் புகழ்வோர் பலர் சற்று மறைத்துப் பேசுவர். நாம் மறைக்க விரும்பவில்லை. பொருளில்லாமையால் நான்காண்டை நினைத்துப் பார்க்கவும் அஞ்சுவோர் ஈராண்டேனும் கற்க முன்வருவர் என்பது ஒரு காரணம். மருத்துவம், சட்டம் முதலியன கற்பிக்கும் கலாசாலைகள் தம் மாணாக்கரிடம் ஈராண்டுக் கல்வியேனும் கேட்கலாம் என்பது ஒரு காரணம். நல்ல பாடசாலைகள் மேல்நோக்கி வளரலாம் என்பதும், வலுவற்ற கலாசாலைகள் தம்மாற் செய்யக்கூடியதை மட்டும் செவ்வனே செய்யலாம் என்பதும் வேறு காரணங்கள். இவற்றோடு, உயர்கல்விக்குத் தகுதியற்றோர் ஈராண்டோடு மானக்கேடின்றி விலகிக்கொள்ள ஒரு வாயில் வேண்டும் என்பதும் அவர் வெளிப்படையாகக் கூறிய காரணமாம். அதாவது, எந்தப் பட்டத்தை இன்று ஏழை மாணாக்கர் ஏறும் படியென்று நாம் போற்றுகின்றோமோ, அதனை அவர் ஏறும் படியாகவும் இறங்கும் படியாகவும் ஒருங்கே அமைத்தார். அன்றியும், முதல் ஈராண்டுச் சுமையைப் பிறர் தோளில் ஏற்றிவிட்டுத் தம் சர்வகலாசாலையை ஆராய்ச்சிக்கே உரியதாக்கும் விருப்பமும் அவருக்கு உண்டு. நல்ல செயல்கள் யாவும் தூய நல்லெண்ணத்தாலேயே விளைவன என்பது சிறுவர் வாசகத்திற்கே பொருந்தும்.

அவர் கருத்தைச் சிறு கலாசாலைகள் உவந்து கேட்டில. 1900-இல் தென் கரோலினா மாகாணத்துச் சார்ல்ஸ்டன் நகரிற் கூடிய தேசியக் கல்விச் சங்கத்தில் அவர் சிறு கலாசாலைகளின் எதிர்காலத்தைப் பற்றி உரைத்தார். அவற்றுட் சில நிலைத்து வளரும். சில மீண்டும் பாடசாலைகளாகும். பல ஈராண்டுக் கலாசாலைகளாகக் குறைந்து நிற்றல் நலம் என்பது அவர் கணிப்பு. பொருளின்றியும் நூல்நிலையமின்றியும் நான்காண்டுக் கல்வி தருவதாகப் பெயரளவில் நடிப்பதினும், ஈராண்டைத் திறம்படத் தருதலே மாணாக்கனுக்கு நேர்மை என்பது அவர் வாதம். வாதம் செவ்விதே. ஆயினும், பட்டமளிக்கும் உரிமையைத் தானே துறக்கும் கலாசாலை எங்குண்டு? பெரும்பாலானவை இசைந்தில.

புதிதாகத் தோன்றியவற்றிலோ அவர் கருத்து வேர்கொண்டது. இல்லினாய்ஸ் மாகாணத்துப் பியோரியா நகரில் லிடியா பிராட்லி என்னும் கைம்பெண் இருந்தார். கணவரையும் தம் மக்கள் அறுவரையும் இழந்து, தம் பெருஞ்சொத்தால் இளைஞர்க்கு ஒரு கல்விச்சாலை நிறுவ எண்ணியிருந்தார். தம் காலத்திற்குப் பின் அது நிறுவப்படுமாறு ஏற்பாடு செய்திருந்த அவரை, கண்ணாற் கண்டு மகிழும்படி வாழ்நாளிலேயே தொடங்குமாறு ஹார்ப்பர் இசைவித்தார். 1897-இல் திறந்த அந்நிலையத்தில், நான்காண்டுப் பாடசாலை வகுப்பின்மேல் ஈராண்டுக் கலாசாலை வகுப்பும் அமைந்தது. அது 1920-இல் நான்காண்டுக் கலாசாலையாயிற்று. இன்று பிராட்லி சர்வகலாசாலை.

ஆயினும் ஹார்ப்பரின் இடைப்படிக்கு உண்மையான சோதனை நிகழ்ந்த இடம் ஜோலியெட். சிக்காகோவுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய நாற்பது மைல் தொலைவிலுள்ளது அந்நகர். கல்லுடைப்பும், கால்வாயும், எஃகுத் தொழிற்சாலையும், மாகாணச் சிறைச்சாலையும் அதற்குப் பெயர் தந்தவை. கல்வி பெயர் தந்ததில்லை. அந்நகர உயர்தரப் பாடசாலையின் தலைவர் ஸ்டான்லி பிரவுன் என்பவர் ஹார்ப்பரின் நண்பர். அங்குக் கற்றுத் தேறிய பிள்ளைகளுட் பலர் எஃகுத் தொழிற்சாலைக்கும் கடைகளுக்கும் உரியோர் மக்கள். சிக்காகோவிற் சென்று தங்கிக் கற்க இயலாதவர். பாடசாலைப் படிப்பு முடிந்தபின்னும் அதே கட்டடத்தில் மேலும் கலாசாலைப் பாடங்களைக் கற்பிக்கப் பிரவுன் முன்வந்தார். 1901-இல் இவ்வாறு கற்கத் தொடங்கியோர் அறுவர். அமெரிக்காவிற் பொதுமக்கள் வரிப்பணத்தால் நடந்து இன்றளவும் நிலைத்திருக்கும் ஈராண்டுக் கலாசாலைகளுள் இதுவே மிகப் பழையது என்பர். 1902-இன் இறுதியில் நகரப் பாடசாலைக் குழுவினர், அம்மேற்பாடங்கள் சம்பளமின்றிக் கற்பிக்கப்படும் என்று தீர்மானித்தனர். ஜூனியர் காலேஜ் என்னும் பெயரோ பல ஆண்டுகள் கழித்தே அதற்கு வந்தது.

அறுவர் கற்றது பெரிதன்று. கற்றதைச் சிக்காகோ ஒப்புக்கொண்டதே பெரிது. ஜோலியெட்டில் தக்கவாறு கற்கப்பட்ட பாடத்திற்கு, அது தன் வகுப்பிலேயே கற்கப்பட்டதுபோற் சர்வகலாசாலை மதிப்பளித்தது; மாணாக்கன் அதனை மீண்டும் கற்க வேண்டுவதில்லை. இதன் அருமை நம் நாட்டார்க்கு எளிதிற் புலனாகாது. முற்காலத்தில் சென்னை இராஜதானியில் இரண்டாந்தரக் கலாசாலை ஒன்றில் எப்.ஏ. தேறிய மாணாக்கன், முதற்றரக் கலாசாலை எதிலும் பி.ஏ. வகுப்புப் புகலாம், இரண்டும் சென்னைச் சர்வகலாசாலையைச் சார்ந்தவை, பரீக்ஷை ஒன்றே. அமெரிக்காவிலோ ஒவ்வொரு கலாசாலையும் தானே பாடம் வகுத்துத் தானே பரீக்ஷித்துத் தானே பட்டமளிப்பது. ஒன்றின் மதிப்பெண் மற்றொன்றில் செல்லுவதற்கு விதியில்லை, நம்பிக்கையே விதி. ஆதலின், ஒரு பெருஞ் சர்வகலாசாலைத் தலைவர் ஒரு நகரப் பாடசாலையின் வகுப்பை நம்பியதே அங்குப் பாலமாயிற்று.

இந்நம்பிக்கை எங்கெங்குக் குறைந்ததோ அங்கெல்லாம் மாணாக்கர் இன்றளவும் இடர்ப்படுகின்றனர். கிரெடிட் என்னும் பாட அளவு அறுபது சேர்ந்தால் அஸோஸியேட் பட்டம், நூற்றிருபது சேர்ந்தால் பி.ஏ. பட்டம் என்பது அங்குப் பொதுவழக்கு. அறுபதுடன் சென்றவனுக்கு மீதி அறுபதே வேண்டும் எனக் கணக்குத் தோன்றும். உண்மை வேறு. சென்று சேர்ந்த இடத்தில் சில பாடங்கள் எண்ணிக்கையில் ஏற்கப்பட்டும், அவன் விரும்பிய துறைக்கு உதவா எனத் தள்ளப்படும். 2004 முதல் 2009 வரை கலாசாலை மாறிய மாணாக்கரை ஆராய்ந்த அந்நாட்டு அரசாங்கத் தணிக்கை அலுவலகம், அவர்கள் சராசரியாக 43 சதவீதப் பாட அளவை இழந்தனர் என 2017-இல் மதிப்பிட்டது. இழந்த பாடம் இழந்த பணம்; ஏழைக்கு இழந்த காலமும் ஆம். ஆகவே அறிவுடைய மாணாக்கன் முதற்காலாண்டிலேயே, தான் நிற்கும் கலாசாலையின் பாடத்திட்டத்தை மட்டுமன்று, தான் செல்லக் கருதிய சர்வகலாசாலையின் மூன்றாமாண்டுத் திட்டத்தையும் வாங்கி அருகே வைத்துக்கொள்கிறான். இரு நிலையங்களுக்கும் இடையே எழுத்தில் உடன்படிக்கை உண்டா என வினவுகிறான். எவ்வகுப்பு எதற்கு ஈடாகும் என்பதை ஆலோசகரிடம் உறுதிசெய்துகொள்கிறான். கணிதமும் விஞ்ஞானமும் போன்ற படிப்படியான பாடங்களை முன்னதாகவே தொடங்கிவிடுகிறான். அவற்றைப் பிற்போட்டவன் மூன்றாமாண்டு வாயிலில் மேலும் ஓராண்டு காத்திருக்க நேரும். பாலத்தின் அகலத்தை எதிர்க்கரையே தீர்மானிக்கின்றது. ஜோலியெட் அறுவர்க்கு இக்கவலையை ஹார்ப்பரும் பிரவுனும் பேசி முடித்து வைத்தனர். அத்தகைய இருவர் எல்லா ஊர்க்கும் வாய்ப்பதில்லை.

ஹார்ப்பரின் குறைகளையும் கூறுதல் வேண்டும். வரவுக்குமேல் செலவு செய்வது அவர் வழக்கம். ஆண்டுதோறும் கணக்கிற் பள்ளம் விழும், ராக்பெல்லர் அதனை நிரப்புவார். தொழிற்சாலை முதலாளிபோற் கலாசாலை நடத்துகின்றார் எனப் பலர் குறைகூறினர். ஆடவரும் பெண்டிரும் ஒருங்கு கற்கத் தொடக்கத்திலேயே இடந்தந்த அச்சர்வகலாசாலையில், பெண் மாணாக்கர் தொகை பெருகியபோது, 1902-இல் ஜூனியர் காலேஜ் வகுப்புகளில் இருபாலாரையும் பிரித்துக் கற்பிக்க அவர் ஏற்பாடு செய்தார். ஆசிரியருள்ளும் பட்டதாரிகளுள்ளும் எதிர்ப்பு மிக்கிருந்தும் அவர் தளர்ந்திலர். வாயிலைத் திறந்தவரே திரையுமிட்டார் என்று நாம் வருந்துகின்றோம்.

அவர் தலைமைப் பதவியிலிருந்தும் எபிரேயப் பாடத்தை விட்டாரல்லர். விடியுமுன் எழுந்து ஆராய்ச்சி செய்வார். 1904-இல் குடல்வால் நோய்க்குச் சிகிச்சை பெற்றார்; பின்பு உடலிற் புற்றுநோய் இருத்தல் தெரியவந்தது. 1905 பிப்ரவரியில் மீண்டும் சத்திர சிகிச்சை நடந்தது. நோய் தீராதென மருத்துவர் கூறினர். அவர் எஞ்சிய நாட்களை எண்ணிப் பகிர்ந்துகொண்டார். ஆமோஸ், ஓசியா என்னும் தீர்க்கதரிசிகளின் ஆகமங்களுக்குப் பல்லாண்டாக எழுதிவந்த விரிவுரை அவ்வாண்டில் வெளிவந்தது. உயர்கல்வியைப் பற்றிய கட்டுரைகளும் நூலாயின. தம் இறுதிச் சடங்கு எவ்வாறு நடைபெறவேண்டும் என்பதையும் தாமே வகுத்துவைத்தார். 1906 ஜனவரி 10-ஆம் தேதி, தமது நாற்பத்தொன்பதாம் வயதில் உயிர்நீத்தார்.

அவர் நட்ட விதை அவர் கருதாத நிலங்களில் வளர்ந்தது. 1907-இல் கலிபோர்னியா மாகாணம், உயர்தரப் பாடசாலைகள் முதல் ஈராண்டுக் கலாசாலைப் பாடங்களை நடத்தலாம் எனச் சட்டமியற்றிற்று. 1910-இல் பிரெஸ்னோ நகரில் அவ்வகுப்பு தொடங்கியது. 1947-இல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழுவின் அறிக்கை, சமூகக் கலாசாலை என்னும் பெயரை நாடெங்கும் பரப்பிற்று. சிக்காகோ சர்வகலாசாலையோ 1930-இல் தன் அமைப்பை மாற்றியபோது ஜூனியர், ஸீனியர் என்னும் பிரிவுகளைத் தானே நீக்கிவிட்டது. அங்கு ஹார்ப்பர் பெயரால் 1912-இல் திறந்த நூல்நிலையக் கட்டடம் இருக்கின்றது.

சிக்காகோவுக்கு வடமேற்கே பாலட்டைன் என்னும் ஊரிலும் அவர் பெயர் இருக்கின்றது. சுற்றியுள்ள ஊர்மக்கள் 1965-இல் வாக்களித்து ஏற்படுத்திய சமூகக் கலாசாலைக்கு வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் என்றே பெயரிட்டனர். 1967-இல் வகுப்புகள் தொடங்கின. வீட்டிலிருந்தே வந்து கற்போர், பகலில் வேலை பார்த்து மாலையில் வருவோர் அங்குப் பலர். அவருள் ஈராண்டுப் பாடங்களை முடித்தோர் சிலர் பட்டத்தோடு வேலைக்குச் செல்கின்றனர். சிலர் தம் மதிப்பெண் பத்திரத்தை எடுத்துக்கொண்டு மூன்றாமாண்டிற் சேரச் சர்வகலாசாலைகளுக்குச் செல்கின்றனர்.